பல்லிடுக்குச் சொத்தை: எக்ஸ்ரேயா, அகச்சிவப்புக் கேமராவா, ஒளிர்வுக் கருவியா?

பல்லில் வலி இல்லை, கூச்சம் இல்லை. சும்மா சுத்தம் செய்துகொள்ளலாம் என்று போன இடத்தில், இரண்டு சின்னக் கரங்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கேமராவை வாய்க்குள் விட்டு, திரையில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் காட்டி, "இந்த நிழல் தெரிகிறதா, இங்கே ஒன்று, இங்கே ஒன்று, மொத்தம் ஐந்து இடத்தில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சொத்தை ஆரம்பித்திருக்கிறது, ஐந்தையும் அடைத்துவிடலாம்" என்றார் டாக்டர். யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் கிடைத்த நேரத்தில் எல்லாம் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன், வேறு இரண்டு டாக்டர்களிடமும் காட்டினேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். நான் பல் மருத்துவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த இடம் ஏன் இவ்வளவு தலைவலி என்றால், பக்கத்துப் பக்கத்துப் பற்கள் ஒன்றையொன்று தொடும் புள்ளிக்குச் சற்றுக் கீழே, ஈறுக்கு மேலே, பிரஷ் நார் எட்டாத ஒரு சந்து இருக்கிறது. அங்கே படியும் அழுக்கில் பாக்டீரியா குடியிருந்து, நாம் சாப்பிடும் சர்க்கரையை அமிலமாக்கி, பல்லின் கடினமான வெளி உறையான எனாமலில் இருந்து தாதுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. மேலே இருந்து பார்த்தால் பல்லின் விளிம்பு முழுசாக, பளபளப்பாக இருக்கும். விளிம்புக்குக் கீழே சாம்பல் நிறமாக ஏதோ நிழல் தட்டுகிறதே என்று கண்ணுக்குத் தெரியும்போது, பெரும்பாலும் சொத்தை எனாமலைத் தாண்டி, அதற்கு அடியில் இருக்கும் மென்மையான அடுக்கான டென்டினுக்குள் போயிருக்கும். ஆகவே வெறும் கண், சின்னக் கண்ணாடி, கூர்முனைக் குச்சி இவற்றை மட்டும் வைத்து இடுக்குச் சொத்தையை ஆரம்பத்திலேயே பிடிப்பது நடக்காத காரியம். குச்சியை அழுத்திக் குத்திப் பார்ப்பதும் இப்போது வேண்டாம் என்கிறார்கள், மென்மையாகிப்போன எனாமல் அதில் உடைந்து, இல்லாத குழி உண்டாகிவிடும்.

சரி, கண்ணை விட்டால் அடுத்து எக்ஸ்ரே. இடுக்குக்கு என்று தனியாக ஒன்று இருக்கிறது, பைட்விங் என்பார்கள். சின்னத் தகட்டை வாய்க்குள் வைத்து, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்குப் போன்ற பகுதியைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, மேல் கீழ் கடைவாய்ப் பற்களின் தலைப்பகுதியை ஒரே படத்தில் எடுப்பார்கள். ஹோவர்ட் ரேப்பர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1925இல் கொண்டுவந்தது. நூறு வருஷம் ஆகியும் இன்னும் இதையேதான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது: சொத்தை எனாமலோடு நிற்கிறதா, டென்டினைத் தொட்டுவிட்டதா, நரம்பை நோக்கி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஓரளவு சொல்லும், பழைய அடைப்புக்குப் பக்கத்தில் நடப்பதைக் காட்டும், ஈறுக்குக் கீழே எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் காட்டும். இந்தக் கடைசி இரண்டு விஷயத்துக்கும் ஒளிக் கேமரா மாற்று ஆகாது.

கதிர்வீச்சு பயம் பலருக்கு. நானும் பயந்தவன்தான். டிஜிட்டல் தகடும், கதிரைச் செவ்வகமாகக் குறுக்கும் மூக்கும் வைத்து எடுத்தால் நான்கு பைட்விங் படங்களுக்குச் சேர்த்துச் சுமார் 5 மைக்ரோசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு, ஆயிரம் சேர்ந்தால் ஒரு மில்லிசீவர்ட்). மண், காற்று, வானம் என்று இயற்கையில் இருந்தே ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வருகிறது, அதாவது நாளுக்கு 6, 7 மைக்ரோசீவர்ட். ஆக நாலு படமும் சேர்ந்து ஒரு நாள் சும்மா இருப்பதைவிடக் குறைவு. செவ்வகமாகக் குறுக்காமல் பழைய வட்டக் குழாயை வைத்து எடுத்தால் இது சில மடங்கு கூடும், அதனால் எடுப்பவரிடம் கேட்பதில் தப்பில்லை. இவ்வளவுக்காகக் கர்ப்பமாக இருப்பவர் தேவையான படத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதுதான் இன்றைய மருத்துவ நிலை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல், பல் எக்ஸ்ரேவுக்கு ஈயக் கவசமோ தொண்டைப் பட்டையோ தேவையில்லை என்றே சொல்லிவிட்டது.

எக்ஸ்ரேவின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில். எனாமலில் 30 முதல் 40 சதவீதம் தாது கரைந்த பிறகுதான் படத்தில் கறுப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். கோணம் கொஞ்சம் தப்பினாலும் இரண்டு பற்களும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, நாம் பார்க்க வேண்டிய இடமே மறைந்துபோகும். ஆரம்பச் சொத்தைகளை வைத்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு செய்த தொகுப்பாய்வில், எக்ஸ்ரே வகைப் படங்கள் இருக்கிற சொத்தையில் 47 சதவீதத்தைத்தான் பிடித்தன, நல்ல பல்லை நல்ல பல் என்று 88 சதவீதம் சரியாகச் சொல்லின. இதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு இடுக்குப் பரப்புகளைப் பார்க்கிறோம், அதில் உண்மையில் ஐந்தில்தான் ஆரம்பச் சொத்தை என்று வையுங்கள். படம் அந்த ஐந்தில் இரண்டையோ மூன்றையோ பிடிக்கும். மீதி 95 நல்ல பரப்புகளில் 12 சதவீதம், அதாவது 11 இடத்தில் இல்லாத சொத்தையைக் காட்டும். பிடித்ததைவிடப் பொய்யாகக் காட்டியது அதிகம்! இந்தக் கணக்கு எக்ஸ்ரேவுக்கு மட்டுமான சாபம் இல்லை, சொத்தை அரிதாக இருக்கும் வாயில் எந்தக் கருவியை விட்டாலும் இதுதான் நடக்கும். என் ஐந்து நிழல்களைப் பற்றி யோசித்தபோது முதலில் உறைத்தது இதுதான்.

அடுத்து, என் வாய்க்குள் போன கேமரா. அகச்சிவப்பு ஊடொளி என்று தமிழில் சொல்லலாம். சாதாரண வெளிச்சத்தை எனாமல் சிதறடித்துவிடும், அதனால்தான் பல் பால் வெள்ளையாகத் தெரிகிறது. அலைநீளம் கூடக் கூடச் சிதறல் மளமளவென்று குறையும், அகச்சிவப்பின் அண்மைப் பகுதிக்கு வந்தால் எனாமல் கிட்டத்தட்டக் கண்ணாடி. தாது கரைந்த இடத்திலோ நுண்ணிய ஓட்டைகள் நிறைந்திருப்பதால் அங்கே மட்டும் சிதறல் பல மடங்கு. இந்த வித்தியாசத்தைத்தான் படமாக எடுக்கிறார்கள். டயக்னோகேம் என்ற கருவி 780 நானோமீட்டர் அலைநீள ஒளியை இரண்டு கரங்கள் வழியாக ஈறோரத்தில் செலுத்துகிறது. ஒளி ஈறு, எலும்பு, வேர் வழியாக ஏறிப் பல்லின் தலைக்கு வர, மேலே இருக்கும் கேமரா அதைப் பிடிக்கிறது. நல்ல எனாமல் வெளிச்சமாக, சொத்தை கறுப்பு நிழலாக விழும். ஐடெரோ போன்ற முப்பரிமாண ஸ்கேனர்களில் வேறு முறை: 850 நானோமீட்டர் ஒளியை மேலிருந்து அடித்து, திரும்பி வருவதைப் பார்ப்பார்கள். அங்கே நல்ல எனாமல் இருட்டு, சொத்தை வெள்ளைத் திட்டு. ஒரே பல், ஒரே சொத்தை, ஒரு கருவியில் கறுப்பு, இன்னொன்றில் வெள்ளை! வெவ்வேறு இடத்தில் எடுத்த படங்களை நாமே ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்பாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

பல்லில் ஒளி எப்படிப் போகிறது என்று ஆராயும் டேனியல் ஃபிரைட் குழுவினர் கலிஃபோர்னியாவில் காட்டியபடி 1310 நானோமீட்டரில் எனாமல் இன்னும் தெளிவு. ஆனால் சாதாரண சிலிக்கான் கேமராவுக்கு அந்த ஒளி தெரியாது, விலை கூடிய வேறு உணரி வேண்டும். சந்தையில் 780, 850 என்று நிற்பதற்கு இதுவும் காரணம்.

இந்தக் கேமராவில் எனக்குப் பிடித்தது, கதிர்வீச்சு இல்லாததால் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆறு மாதம் கழித்து அதே பல்லை அதே கோணத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காபி, டீக் கறை இந்த ஒளியை அவ்வளவாக விழுங்காது என்பதால் கறையைச் சொத்தை என்று நினைக்கும் தவறும் குறைவு. எனாமல் அளவில் நிற்கும் ஆரம்பச் சொத்தையை எக்ஸ்ரேவைவிட அதிகமாகப் பிடிக்கிறது. டென்டினை எட்டியதைக் காட்டுவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் டென்டினுக்குள் எவ்வளவு ஆழம் என்று கேட்டால் கேமராவிடம் பதில் இல்லை, டென்டின் இந்த ஒளியையும் சிதறடிக்கும். ஈறுக்குக் கீழே வேர்ப் பக்கம் வரும் சொத்தை தெரியாது. உலோக அடைப்பு இருந்தால் அந்தப் பக்கம் முழுதும் இருட்டு. அப்புறம் ஒரு விஷயம், யாரும் எனக்கு முதலில் சொல்லாதது: பல்லில் இருக்கும் மெல்லிய விரிசலும் ஊடொளிப் படத்தில் கறுப்புக் கோடாக விழும். விரிசலைப் பிடிக்க இது அருமையான வழி, அதைச் சொத்தை என்று படித்துவிட்டால் வம்பு.

இப்போது ஒளிர்வு. இங்கேதான் பெயர்க் குழப்பம். அகச்சிவப்புக் கேமராவை ஒளிர்வுப் படம் என்று சில இடங்களில் சேர்த்தே பேசுகிறார்கள், இரண்டும் ஒன்றல்ல. மேலே சொன்ன கேமராக்களில் போன ஒளிதான் திரும்பி வருகிறது. ஒளிர்வு என்றால் ஓர் அலைநீளத்தில் ஒளியைக் கொடுத்து, பொருள் அதை விழுங்கி வேறு நீண்ட அலைநீளத்தில் உமிழ்வதைப் பிடிப்பது. 1998இல் வந்த டயக்னோடென்ட் இந்த வகை. 655 நானோமீட்டர் சிவப்பு லேசரைப் பாய்ச்சி, திரும்பி வரும் அகச்சிவப்பு ஒளிர்வை அளந்து 0 முதல் 99 வரை ஓர் எண்ணைக் காட்டும். படம் கிடையாது. அந்த ஒளிர்வு பெரும்பாலும் பாக்டீரியா விட்டுப்போகும் போர்ஃபிரின் என்ற கழிவுப்பொருளில் இருந்து வருகிறது. ஆக, இந்தக் கருவி தாது எவ்வளவு போயிற்று என்று அளக்கவில்லை, பாக்டீரியா குடியிருந்த தடயத்தை அளக்கிறது. பல்லில் ஒட்டியிருக்கும் காரை, அழுக்கு, சுத்தம் செய்யும் பசையின் மிச்சம் இவையும் எண்ணை ஏற்றிவிடும். மேல்பரப்புக் குழிகளில் நல்ல துணை. இடுக்குக்கு என்று ஆப்பு வடிவ முனை ஒன்று பின்னால் வந்தது, இடுக்கு இறுக்கமாக இருந்தால் அதை நுழைத்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைப்பது கைத்திறமையைப் பொறுத்தது. எண் 18, அடுத்த முறை 24 என்றால் சொத்தை வளர்ந்ததா, முனை அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனதா?

405 நானோமீட்டர் ஊதா ஒளியை அடித்து, நல்ல பல் பச்சையாக ஒளிர, சொத்தை இருட்டாகவும் பாக்டீரியா சிவப்பாகவும் தெரியும் கேமராக்களும் உண்டு. பார்க்க அழகு. வெளியே தெரியும் பரப்புகளில் அழுக்கு எங்கே இருக்கிறது என்று குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல சாதனம் இல்லை. ஆனால் ஊதா ஒளி பல்லுக்குள் ஆழமாகப் போகாது, இடுக்குக்கு இதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

உண்மையான அகச்சிவப்பு ஒளிர்வுப் படம் ஆய்வகத்தில் இருக்கிறது. கண்ணின் உட்புற ரத்தக்குழாய்களைப் படமெடுக்கவும், ஈரல் செயல்பாட்டைப் பார்க்கவும் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் இண்டோசயனின் பச்சை என்ற சாயம் 800 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கி, அதற்கு மேலே ஒளிரும். அந்தச் சாயத்தைப் பயன்படுத்தி, பிடுங்கிய பற்களிலும் ஆய்வக விலங்குகளிலும் விரிசலையும் பல்லின் உள்ளமைப்பையும் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்த அகச்சிவப்பு அலைநீளத்தில் எனாமல் தானாக அவ்வளவாக ஒளிராததால் பின்னணி இருட்டாகவும் சாயம் புகுந்த இடம் பளிச்சென்றும் தெரிவதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் சாயத்தை ஊசியில் ஏற்ற வேண்டும் அல்லது பல்லில் ஊற வைக்க வேண்டும், அயோடின் கலந்தது என்பதால் ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். வழக்கமான சோதனைக்கு வந்தவருக்கு ஊசி போட்டு இடுக்கைப் பார்ப்பார்களா என்ன? இன்றைக்கு முடிவெடுக்க வேண்டியவர்கள் இதைத் தேர்வுப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

ஆக நிஜமான போட்டி பைட்விங் எக்ஸ்ரேவுக்கும் அகச்சிவப்புக் கேமராவுக்கும்தான். எது அதிகம் பிடிக்கும் என்று நானும் ரொம்ப நாள் தேடிக்கொண்டிருந்தேன், அது தப்பான கேள்வி. பிடித்த பிறகு என்ன செய்யப் போகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கருவி நல்லதா கெட்டதா என்று ஆகிறது. எனாமலுக்குள் நிற்கும் சொத்தைக்குத் துளை போடத் தேவையில்லை. ஃபுளோரைடு, ஃப்ளாஸ் என்கிற பல்லிடுக்கு நூல், இடையிடையே கொறிப்பதைக் குறைப்பது, இவற்றால் அது நின்றுவிடலாம், பெரியவர்களுக்கு எனாமலைக் கடக்கவே பொதுவாகச் சில வருஷங்கள் எடுக்கும். அமிலத்தால் மேற்பரப்பைத் திறந்து, பிசின் போன்ற இளகிய ரெசினை ஓட்டைகளுக்குள் உறிஞ்ச வைத்து அடைக்கும் ஐகான் என்ற முறையும் 2009 முதல் இருக்கிறது, துளைக்கருவி இல்லாமலே. டென்டினுக்குள் ஆழமாகப் போய்ப் பரப்பில் குழியும் விழுந்திருந்தால்தான் அடைப்பு. குழி விழுந்த இடத்துக்குள் பிரஷும் ஃப்ளாஸும் போகாது, அங்கே பாக்டீரியாவைக் கட்டுப்படுத்த முடியாது என்பதால். ஆகவே கேள்வி "சொத்தை இருக்கிறதா" என்பது இல்லை, "பரப்பு உடைந்திருக்கிறதா". இதை எக்ஸ்ரேவும் நேராகச் சொல்லாது, கேமராவும் சொல்லாது. ஆழத்தை வைத்து ஊகிக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனாமல் நிழல்களை எல்லாம் துளைத்து அடைக்கிற டாக்டர் கையில் அதிக நுட்பமான கேமரா கிடைத்தால் நமக்குக் கேடுதான், நல்ல எனாமலை வெட்டுகிறார், பக்கத்துப் பல்லில் துளைமுனை பட்டுக் கீறலும் விழும், போட்ட அடைப்பும் ஒரு நாள் பெயர்ந்து, இன்னும் பெரிதாகப் போட வேண்டிவரும். அதே கேமரா, காத்திருந்து கவனிக்கிற டாக்டரின் கையில் தங்கம். நான் மூன்றாவதாகப் பார்த்தவர் இந்த வகை. அவர் செய்தது எனக்குப் புதிது: சந்தேகமான இடுக்கில், பல் கட்டும் கம்பிச் சிகிச்சையில் போடுவார்களே, அந்தச் சின்ன ரப்பர் வளையத்தைப் போட்டு இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். பற்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக விலகிவிடும், வளையத்தை எடுத்துவிட்டு உள்ளே நேராகப் பார்க்கலாம், மொட்டை முனைக் குச்சியால் மெதுவாகத் தடவலாம். இரண்டு நாளும் பல்லில் இறைச்சித் துணுக்கு மாட்டிக்கொண்ட மாதிரி எரிச்சலாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் எந்தத் திரையும் தராத பதில் அதில் கிடைத்தது.

யாருக்கு எது என்று என்னைக் கேட்டால்: ரொம்ப நாளாகப் படமே எடுக்காதவர், பழைய அடைப்புகள் நிறைய உள்ளவர், ஈறு நோய் உள்ளவர், வலியோ கூச்சமோ இருப்பவர், இவர்களுக்கு முதலில் எக்ஸ்ரேதான், கேமரா மட்டும் எடுத்தால் பாதி வாய் பார்க்காமல் விட்டது போல. சொத்தை குறைவாக வரும் பெரியவருக்கு 2012 அமெரிக்கப் பரிந்துரையே 24 முதல் 36 மாதத்துக்கு ஒரு முறை என்றுதான் சொன்னது, நடுவில் கேமராவால் கண்காணிக்கலாம். அடிக்கடி சொத்தை வருபவருக்கு அதில் 6 முதல் 18 மாதம் என்று இடைவெளி குறைந்தது, அங்கே இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்தால் கதிர்வீச்சும் குறையும், கண்காணிப்பும் விடாது. குழந்தைகள் விஷயம் தனி. பால் பல்லின் எனாமல் மெல்லியது, சொத்தை வேகமாகப் போகும், தகட்டைக் கடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைக்குக் கேமரா பெரிய வரம். ஆனால் நிழல் டென்டினைத் தொட்ட மாதிரி தெரிந்தால் எப்படியாவது எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். பல் வரிசைக்காக எப்படியும் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கிறவர்களுக்கு அகச்சிவப்புப் படம் கூடவே கிடைத்துவிடும், அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் காட்டி யாராவது அடைப்புக்கு நாள் குறித்தால் எழுந்துவிடுங்கள்.

டாக்டரிடம் கேட்க மூன்று கேள்வி போதும் என்று நினைக்கிறேன். இந்த நிழல் எனாமலோடு நிற்கிறதா, டென்டினைத் தொட்டதா? பரப்பு உடைந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஆறு மாதம் காத்திருந்து அதே படத்தை எடுத்தால் நான் எதை இழப்பேன்? மூன்றாவது கேள்விக்கு நல்ல டாக்டர் கோபப்படமாட்டார், சில பற்களுக்கு "நிறையவே இழப்பீர்கள்" என்று காரணத்தோடு சொல்வார். அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் ஐந்து நிழல்கள் என்ன ஆயின என்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒன்று விரிசல், சொத்தையே இல்லை. மூன்று, பைட்விங்கில் தெரியவே இல்லை, எனாமலின் வெளிப் பகுதியோடு நின்றவை என்று டாக்டர் கணித்தார். ஐந்தாவது பைட்விங்கில் டென்டினைத் தொட்டிருந்தது, ரப்பர் வளையம் போட்டுப் பார்த்ததும் பரப்பில் சின்னக் குழி இருந்தது, அதை மட்டும் அடைத்தோம். அந்த மூன்றையும் ஒரு வருஷம் கழித்து அதே மாதிரிக் கேமராவில் எடுத்தபோது இரண்டு அப்படியே இருந்தன. மூன்றாவது கொஞ்சம் அகலமான மாதிரி எனக்குப் பட்டது, கேமராவைப் பிடித்த கோணம் வேறு என்றார் அவர். ஆறு மாதத்தில் மறுபடி எடுக்கிறோம், அப்போதும் அகலமாகவே தெரிந்தால் ரெசின் போட்டுவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.